குழலுக்கு ஏற்ற பாடநூல்

திருகோணமலையில் கோணேசர் சந்நிதியிலும் பத்திரகாளி அம்மன் வாசலிலும் உற்சவகாலத்து நாகஸ்வர நாதத்தைக் கேட்டு வளர்ந்த ஒரு பிள்ளை, அவ்வாத்தியத்தையோ புல்லாங்குழலையோ அப்பியாசிக்க விரும்பினால், அவன் கையில் எந்தப் பாடநூலைக் கொடுப்பது என்பது எளிதில் தீராத பிரச்சினை. நமது சங்கீத பாடநூல்கள் பெரும்பாலும் வாய்ப்பாட்டு மாணவனை உத்தேசித்தவை; சரளி வரிசையும் அலங்காரமும் செவ்வனே அச்சாகியிருக்கும், விரலையும் மூச்சையும் பற்றி மட்டும் அவை மௌனம் சாதிக்கும். நாகஸ்வரத்தில் விரல்கள் ஆளும் துளைகள் ஏழே. அவற்றைப் பாதி மூடியும், காற்றின் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும், பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களையும் அவற்றினிடையே உலவும் கமகங்களையும் பிறப்பிக்கவேண்டியிருக்க, ‘ரி’ என்ற ஒற்றை எழுத்து சிஷ்யனுக்கு என்ன உபகாரம் செய்துவிடும்? கமகங்களுக்குத் தனிக் குறியீடுகள் வகுத்து 1904இல் சுப்பராம தீக்ஷிதர் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி மகத்தான கிரந்தந்தான்; பாலபாடத்துக்கோ அது பெரும்பாரம். மேல்நாட்டுக் கிளாரினெட் புத்தகங்களில் விரல் நிலைகளைச் சித்திரமாகவே காட்டியிருப்பார்கள். அவ்வழக்கத்தைக் கடன்வாங்குவதில் (கிளாரினெட்டையே நம் கச்சேரி மேடைக்கு அழைத்துக்கொண்ட நமக்கு) யாதொரு அகௌரவமும் இல்லை. ஆகவே கீர்த்தனைகள் குறைந்திருப்பினும் துளைப்படம் உள்ள மெலிந்த நூலையே நான் தெரிவேன். கடற்காற்று ஓயாத இத்துறைமுகப் பட்டினத்தில் சீவாளியைப் பதப்படுத்தும் வித்தையையும், துத்துகாரத்தின் நுட்பத்தையும் எந்நூலும் போதிக்கப்போவதில்லை. அவற்றை வாத்தியார் சொல்லச் சொல்ல மாணவன் குறித்துக்கொள்ளும்படி, பக்கங்களின் ஓரத்தில் தாராளமாக இடம் விட்டிருக்கிறார்களா என்பதையும் வாங்குமுன் பார்த்துக்கொள்வது நலம்.