திருப்பிக் கேக்கிறது குற்றமா?

2015இல் பங்களாதேஷ் மத்திய வங்கி ஊழியர்களுக்கு வேலை கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. இணைத்திருந்த சுயவிபரத்தைத் திறந்ததும் கள்ளர் உள்ளே வந்துவிட்டார்கள். 2016 பெப்ரவரியில் 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸ் போனது. இலங்கைக்கு அனுப்பிய 20 மில்லியன் தப்பியது. ‘பவுண்டேஷன்’ என்ற சொல்லில் எழுத்துப்பிழை. இடையில் நின்ற ஜேர்மன் வங்கி திருப்பிக் கேட்டது.

இனி எழுத்துப்பிழையை நம்ப ஏலாது. இப்ப மெஷினே பிழையில்லாமல் எழுதிக் குடுக்குது. மிஞ்சியிருக்கிறது திருப்பிக் கேக்கிறது மட்டும்தான். எங்கட அலுவலகங்களில் அதுதானே குற்றம்!

மேலதிகாரி குறிகட்டுவானில் படகேறின நேரம் பார்த்து, “அவசரம், உடன காசு அனுப்பு” என்று அவர் பேரில் மின்னஞ்சல் வந்தால், நெடுந்தீவு அலுவலகத்தில் இருக்கிற பிள்ளை என்ன செய்யும்? “சேரிட்ட எப்பிடிக் கேக்கிறது?” என்று பயந்து அனுப்பிவிடும். அந்தப் பயம்தான் கள்ளன்ர கையில இருக்கிற திறப்பு.

அனுப்பினவரின் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கோ. லிங்கைத் தொடாதேங்கோ. ஏற்கெனவே தெரிந்த இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கோ. பதில் வரும்வரை காசு அசையக்கூடாது.

அதிகாரிமாரே, கேக்கிற பிள்ளையை ஏசாதேங்கோ. ஏசிப் பழக்கினால், காசு போன பிறகு அந்தப் பிள்ளையில பழி போட உங்களுக்கு உரிமையில்லை.