கம்பளி போர்த்த மலர்

மலரின் நிறம் இதழில் உள்ளது என்பது நாம் கண்டறிந்த உண்மை. மல்லிகையின் வெண்மையும் செம்பரத்தையின் செம்மையும் இதழின் நிறங்களே. அல்ப்ஸ் மலையிலே பூக்கும் எடல்வைஸ் என்னும் மலரிலோ, கண்ணைக் கவரும் வெண்மை இதழுக்குரியதன்று. அஃது அச்செடி உடுத்த கம்பளியின் வெண்மையாகும்.

ஜேர்மன் மொழியில் 'எடல்' என்பது மேன்மையையும், 'வைஸ்' என்பது வெண்மையையும் குறிக்கும். இச்செடி சூரியகாந்தி, செவ்வந்தி என்பவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. நடுவிலே மஞ்சள் நிறமாய்த் திரண்டிருக்கும் சிறு தலைகளே உண்மையான பூக்களின் கூட்டம். அவற்றைச் சூழ்ந்து விண்மீன் போல விரிந்திருப்பன பூவடியிலைகள். அவற்றின்மீது வெண்மயிர் அடர்ந்திருத்தலால், அவற்றையே இதழ்களெனக் கருதி மயங்குகிறோம்.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1800 மீற்றர் முதல் 3000 மீற்றர் வரை உயர்ந்த சுண்ணாம்புக்கற் பாறைகளும் புல்வெளிகளும் இதன் உறைவிடம். நம் நாட்டின் மிகவுயர்ந்த மலையாகிய பீதுருதாலகாலையின் உயரம் 2524 மீற்றர் என்பதை மாணவர்கள் இங்கு நினைவுகூர்க. அல்ப்ஸின் அவ்வுயரத்திலே மண் குறைவு, காற்றுக் கடுமையானது, ஞாயிற்றின் ஒளியோ மிகக் கூரியது. ஆதலின் இச்செடி பெரும்பாலும் இருபது சென்ரிமீற்றருக்கு மேல் உயராது, நிலத்தோடு ஒட்டி வாழ்கிறது. குளிர்காலத்தில் மேற்பகுதி பட்டுப்போக, அடித்தண்டும் வேரும் பனியின்கீழ் உயிரோடிருக்கும். பனி உருகியபின் மீண்டும் தளிர்த்து, யூலை முதல் செப்டெம்பர் வரை பூக்கும். இங்ஙனம் பல ஆண்டுகள் வாழ்தலின் இதனைப் பல்லாண்டுப் பூண்டு என்பர்.

மயிர்ப்போர்வை காற்றினால் நீர் வற்றாமற் காக்கிறது, குளிரையும் தடுக்கிறது. அதற்கு வேறொரு தொழிலும் உண்டு. 2005 ஆம் ஆண்டிலே பெல்ஜிய நாட்டு அறிஞர் வின்யெரோனும் அவர்தம் குழுவினரும் அம்மயிர்களை ஆராய்ந்தனர். அவற்றின் நுண்ணிய நார்கள் தீங்கு விளைக்கும் ஊதாக்கடந்த கதிர்களை உறிஞ்சிவிட்டு, உணவு சமைத்தற்கு வேண்டிய ஒளியை இலைக்குள்ளே செல்லவிடுகின்றன எனக் கண்டனர். தாழ்நிலத் தோட்டங்களிலே செழிப்பாக வளர்க்கப்படும்போது இக்கம்பளி அடர்த்தி குறைந்து, செடி பசுமையேறித் தோன்றும். வெண்மை மலைவாழ்வு தந்த அணி என்பது இதனாற் புலனாகும்.

காற்றையும் பனியையும் வென்ற செடிக்கு மனிதரின் அன்பே பகையாயிற்று. காதலிக்குக் காணிக்கையாக்குதற்கும், மலையேறிய பெருமையை அறிவித்தற்கும் இதனைப் பறித்தனர். பாறையினின்று வழுக்கி வீழ்ந்து உயிர் துறந்தோரும் உளர். பூவைக் கொய்தால் விதை இல்லை; வேரோடு பிடுங்கினாலோ பல்லாண்டு வாழ்வு ஒரு நொடியிலே முடிகிறது. இதனையுணர்ந்தே சுவிற்சலாந்தின் ஒப்வால்டன் மாநிலம் 1878 ஆம் ஆண்டிலேயே இச்செடியைக் காக்கச் சட்டம் செய்தது. இன்று வாணிகத் தேவைக்காக இதனை வயல்களிற் பயிரிடுகின்றனர்.

அரியதொரு மலரை விரும்புவோர் அதனை நின்ற இடத்திலேயே கண்டு மகிழ்ந்து வருதல் வேண்டும். மாணவர்கள் காட்டிற்கோ மலைக்கோ செல்லும்போது கையிலே குறிப்பேடும் எழுதுகோலும் இருக்கட்டும்; மலர் அதன் செடியிலேயே இருக்கட்டும்.