பெயர் பெற்ற பாசறையும் பெயர் பெறாத சிப்பாயும்

நுழையும்முன்

ஓர் இடத்திற்குப் பெயரிடுவோர் யார்? யாருடைய பெயரை அவர்கள் தேர்ந்தெடுக்கின்றனர்? சேலம், நாமக்கல் சமவெளியின் மலைக்கோட்டைகளையும் நீலகிரியில் உள்ள படைக்குடியிருப்பு ஒன்றையும் முன்வைத்து இவ்வினாக்களை எழுப்புகிறது இக்கட்டுரை.

சேலத்திலிருந்து ஈரோடு செல்லும் இருப்புப்பாதையில் சங்ககிரி துர்க்கம் என்றொரு நிலையம் உள்ளது. எளிதில் ஏற இயலாத மலையரணைத் 'துர்க்கம்' என்பர். கோட்டை தன் படைத்தொழிலை இழந்து நெடுங்காலம் ஆன பின்னும் அதன் பெயர் தொடர்வண்டிப் பயணிகளின் நாவில் வாழ்கிறது. கிழக்கே நாமக்கல்லில் ஒற்றைப் பாறையின் உச்சியில் மற்றொரு கோட்டை நிற்கிறது. 1768ஆம் ஆண்டில் கர்னல் வுட் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் அதனைக் கைப்பற்றினார். அவ்வாண்டு முடிவதற்குள் ஐதர் அலி அதனை மீட்டுக்கொண்டார். கை மாறிக்கொண்டே இருந்த நிலம் இது.

1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயின. இவற்றை ஆள வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருடைய உதவியாளருள் ஒருவரே பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரான தாமஸ் மன்றோ. இருவருமே போர்வீரர்கள். அவர்கள் வாளை உறையிலிட்டு நிலத்தை அளந்து வரி வகுத்தனர். காவிரிக்கு மேற்கே கொங்குநாடு இன்னும் திப்பு சுல்தானிடம் இருந்தமையால், சங்ககிரி ஏழாண்டுக் காலம் இரு அரசுகளின் எல்லையை நோக்கி நின்றது.

அக்கோட்டைக்கு மக்கள் நினைவில் வேறொரு முகம் உண்டு. மைசூர் அரசின் வரிப்பணம் சங்ககிரிக்குச் சென்ற வழியில் அதனைப் பறித்து ஏழைகளுக்கு அளித்த இளைஞன், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையே ஒரு சின்னமலை பறித்ததாகச் சொல்லி அனுப்பினான் என்பது கொங்குநாட்டு வழக்கு. தீர்த்தகிரி என்னும் இயற்பெயருடைய அவர் தீரன் சின்னமலை ஆனது இவ்வாறே என்பர். மைசூர் வரியை மறித்தவர், பின்னர் அந்நியர் ஆட்சியை எதிர்க்கும் பொருட்டுத் திப்புவோடு கைகோத்தார் என்பது கருதத்தக்கது.

1799இல் இறுதி மைசூர்ப் போர் மூண்டது. கம்பெனியின் பெரும்படை வேலூரிலிருந்து புறப்பட்டு ஆம்பூர், இராயக்கோட்டை வழியாகச் சீரங்கப்பட்டணம் நோக்கி நகர்ந்தது. உடன் சென்ற ஐதராபாத் நிசாமின் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி. அன்றைய தலைமை ஆளுநரின் தம்பி. மார்ச் 27ஆம் நாள் மழவல்லியில் நிகழ்ந்த போரில் அவர் பங்கேற்றார். அதே களத்தில் சின்னமலையின் கொங்குப் படையும் திப்புவின் பக்கம் நின்றது என்கிறது கொங்கு மரபு. மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு களத்திலேயே மாண்டார்.

வென்றவர் ஆட்சிப் பொறுப்பேற்றார். தோற்ற பக்கத்தில் நின்றவரோ ஓடாநிலைக்குத் திரும்பிக் கோட்டை கட்டினார். 1801இல் காவிரிக்கரையிலும் 1802இல் ஓடாநிலையிலும் 1804இல் அரச்சலூரிலும் கம்பெனிப் படையை எதிர்த்துப் போரிட்டார். 1805ஆம் ஆண்டு மார்ச் திங்களில் வெல்லெஸ்லி பட்டங்களும் பரிசுகளும் பெற்று இந்தியாவை விட்டுக் கப்பலேறினார். அவ்வாண்டு சூலை 31ஆம் நாள், ஆடிப்பெருக்கன்று, சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். இரண்டு வீரர்களின் கதைகள் ஒரே ஆண்டின் நான்கு திங்கள் இடைவெளியில் இவ்வாறு பிரிகின்றன.

இனி, பெயர் சூட்டிய கதை. நீலகிரியில் படகர்கள் வாழும் ஜெகதளாவை அடுத்த மேட்டில், 1850களில் ஆங்கில வீரர்களுக்கெனப் பெரியதொரு படைக்குடியிருப்பு எழுந்தது. சமவெளியின் வெப்பமும் நோயும் அவ்வீரர்களை வாட்டியதால் குளிர்ந்த மலை தேர்ந்தெடுக்கப்பட்டது. 1860ஆம் ஆண்டளவில், ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் காலத்தில், அவ்விடம் வெலிங்டன் ஆயிற்று. நெப்போலியனை வாட்டர்லூவில் வென்று, இங்கிலாந்தின் தலைமை அமைச்சராகவும் இருந்து, 1852இல் மறைந்த வெலிங்டன் கோமகன் வேறு யாருமல்லர். அன்றைய கர்னல் வெல்லெஸ்லியே. வெலிங்டன் என்பது இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியில் உள்ள சிற்றூர். அவ்வூரின் பெயர் ஒருவருக்குப் பட்டமாகி, அப்பட்டம் கடல் கடந்து படகர் மலையில் வந்து அமர்ந்தது.

அவர் அம்மலையில் ஒருநாளும் தங்கியதில்லை. தங்கியிருக்கவும் இயலாது. ஆங்கிலேயர் நீலகிரியில் குடியேறத் தொடங்கியதே 1819இல் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறிய பிறகுதான். அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே வெல்லெஸ்லி இந்தியாவை நீங்கிவிட்டார். எனவே, அப்பெயர் அவ்விடத்தின் வரலாற்றைக் கூறவில்லை. பெயரிட்டவரின் பெருமிதத்தையே கூறுகிறது.

1947இல் மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் வெலிங்டனுக்கு வந்தது. படைக்குடியிருப்பு பின்னர் ஸ்ரீநாகேஷ் பேரக்ஸ் எனப் பெயர் மாறியது. ஜெனரல் ஸ்ரீநாகேஷ் 1955 முதல் 1957 வரை இந்தியத் தரைப்படைக்குத் தலைமை தாங்கியவர். அப்பொறுப்பேற்ற இந்தியர்களுள் மூன்றாமவர். விடுதலை பெற்ற நாடு தன் படைத்தலைவரின் பெயரைத் தன் படைவீட்டிற்குச் சூட்டியது முறையே. ஊரோ இன்றும் வெலிங்டன்தான். இதைக் குறையெனக் கொள்ள வேண்டுவதில்லை. பழைய பெயரை அழித்துவிட்டால் அது வந்த வழியை எவரும் கேட்கமாட்டார்கள்.

உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. கோமகன் போய்த் தளபதி வந்தார். இருவரும் தலைமைப் பதவியில் இருந்தவர்களே. சின்னமலையும் இன்று மறக்கப்பட்டவரல்லர். அவர் பெயரால் அரசுப் போக்குவரத்துக் கழகம் இயங்கியது. 2005ஆம் ஆண்டில் அஞ்சல்தலை வெளிவந்தது. எந்தப் பெயர்ப்பலகையிலும் இடம்பெறாதவர், மாதச் சம்பளத்திற்குத் துப்பாக்கி ஏந்திய சாதாரணச் சிப்பாய்.

வெல்லெஸ்லியின் புகழுக்கு அடித்தளமிட்ட அசாயே போரை எடுத்துக்கொள்வோம். இன்றைய மகாராட்டிரத்தில் 1803 செப்டம்பர் 23ஆம் நாள் மராத்தியப் படைகளோடு நடந்த அப்போரில் கம்பெனியின் தரப்பில் 1500 பேருக்கு மேல் இறந்தனர் அல்லது காயமுற்றனர். அவர்களுள் பலர் தமிழும் தெலுங்கும் தக்கனி உருதும் பேசிய சென்னைப் படைச் சிப்பாய்கள். அவர்களது பட்டாளங்களுக்குப் பரிசாகக் கிடைத்தது யானைச் சின்னம். இந்தியரை எதிர்த்து ஈட்டிய பழைய போர்ச்சிறப்புகளை விடுதலை இந்தியாவின் படை கொண்டாடுவதில்லை; எனினும் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் அந்த யானையை இன்றும் அணிகின்றனர். யானை நிலைத்தது, அதனை ஈட்டியவர் பெயர்கள் நிலைக்கவில்லை.

அந்நியருக்காகப் போரிட்ட கூலிப்படையினரை எதற்கு நினைக்க வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது; ஆனால் அது போற்றுதலையும் நினைத்தலையும் ஒன்றெனக் கொள்கிறது. சின்னமலை தூக்கிலேறி ஓராண்டு நிறைவதற்குள், 1806 சூலை 10ஆம் நாள், வேலூர்க் கோட்டையில் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தவர்கள் கம்பெனியின் சிப்பாய்களே. புதிய தலைப்பாகையும் சமயக் குறிகளுக்கு விதித்த தடையும் அவர்களைக் கொதிக்கச் செய்தன. நூற்றுக்கணக்கானோர் அன்று கொல்லப்பட்டனர். வயிற்றுக்காகப் படையில் சேர்ந்தவனும் தன்மானம் உடையவனே என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. அவனைத் துரோகி என்றோ தியாகி என்றோ ஒரே சொல்லில் அடைக்கும்போது, வறட்சியும் போரும் மாறி மாறி வருத்திய ஊர்களிலிருந்து ஒருவன் ஏன் பட்டாளத்திற்குச் சென்றான் என்னும் கேள்வியே மறைந்துவிடுகிறது.

சங்ககிரிக் கோட்டை மேல் ஏறுவோர் அங்குத் தூக்கிலிடப்பட்டவரை நினைக்கின்றனர், நினைக்கவே வேண்டும். அக்காலக் காவற்பணியில் மதில்மேல் நின்றவன் எந்த ஊரினன், அவன் பேசிய மொழி யாது என்றும் கேட்கலாம். ரீட், மன்றோ காலத்து அலுவல் ஏடுகள் 'பாராமகால் ஆவணங்கள்' என்னும் பெயரில் தொகுதிகளாக அச்சேறியுள்ளன. ஊர்களையும் விளைச்சலையும் வரியையும் நுணுக்கமாகப் பேசும் அவற்றைச் சேலம், நாமக்கல் மாணவர்கள் தம் ஊர்ப்பெயரைத் தேடியேனும் புரட்டிப் பார்க்கலாம். ஆளவந்தவர்கள் தம் தேவைக்காக எழுதிவைத்த அந்த ஏடுகளின் ஓரங்களில்தான் அச்சிப்பாயின் ஊரையும் குடியையும் தேடத் தொடங்க வேண்டியிருக்கிறது.