புள்ளி எழுத்து

"மாமி, கோது ஒண்டும் வச்சிருக்கிறியளோ?"

போன வருடம், 2025 இல், நல்லூர்த் திருவிழாவுக்கு ரொரன்ரோவிலிருந்து வந்த அண்ணாவின் மகன் வாசலில் கேட்ட முதற்கேள்வி இது. பூசை எத்தனை மணிக்கு என்பதுகூட இரண்டாவதாகத்தான் வந்தது. பெடியன் இரண்டாம் உலகப்போர்ச் சாமான் சேர்க்கிறவன். இரும்புத் தொப்பி, பதக்கம், தண்ணீர்ப் போத்தல், இடுப்புப்பட்டி என்று பேஸ்மென்ட் நிறைய வைத்திருக்கிறானாம். தகப்பன் பிறந்த ஊரில் நடந்த போரிலிருந்து மட்டும் ஒரு சாமானும் இல்லையே என்பது அவனுடைய குறை.

வைத்திருந்தேன், ஒரு பால்மாப் பேணி நிறைய. ஹெலி சுட்டுவிட்டுத் திரும்பிய சத்தம் கேட்டதும் தோட்டாக் கோது பொறுக்க ஓடுவோம். ஓட்டில் விழுந்து உருண்டு வருவதை அவசரப்பட்டுத் தொட்டால் கை பொரியும். ஐம்பது கலிபர் கோது ஒன்றுக்கு ஏ.கே. கோது பத்து, வகுப்பில் அதுதான் மாற்றுவிலை. கோதின் வாயில் உதட்டை வைத்து ஊதினால் விசில் மாதிரிக் கேட்கும். ஆகவே அவனைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. அந்த ருசி எனக்கும் தெரியும்.

அந்தப் பேணி 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி போனது. 'சூரியக்கதிர்' நடவடிக்கை தொடங்கி இரண்டு கிழமை. வலிகாமத்தை விட்டு வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கி போனது. மழை. செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கான சனம். அம்மா காணி உறுதிகளையும் சாதகக் கொப்பிகளையும் பொலித்தீனில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டார். என் கோதுகளை, கேட்காமலே, மலகூடக் குழிக்குள் கொட்டினார். "சோதனையில பிடிபட்டா என்னண்டு சொல்லுறது?" அம்மம்மா பித்தளைப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கிணற்றுக்குள் விட்டார். எறியவில்லை; நெளிந்துவிடும் என்று வாளியில் வைத்து இறக்கினார். கடைசியாக இறங்கியது மூக்குப்பேணி.

அடுத்த சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்து கிணற்றை இறைத்தோம். சேறும் ஒற்றைச் செருப்பும் வந்தன. ஆமி என்றார்கள் சிலர், முந்தி வந்த அயலவர் என்றார்கள் சிலர். அப்போது ஆளுக்காள் கைகாட்டிக்கொண்டிருந்த காலம். வீட்டில் போனவை எத்தனையோ. அம்மம்மா சாகும்வரை கேட்டது அந்த மூக்குப்பேணியை மட்டும். தன் தகப்பனின் முதலெழுத்தை அதன் அடியில் புள்ளி புள்ளியாகக் கொத்துவித்திருந்தார்.

இப்போது மூக்குப்பேணியை நாவற்குழிச் சிவபூமி அருங்காட்சியகத்தில் போய்ப் பார்க்கலாம். உதடு படாமல் அண்ணாந்து குடிப்பதற்குத்தான் அந்த மூக்கு. அழகான சாமான், சந்தேகமில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் அதில் தண்ணீர் கிடைத்ததில்லை. சிலருக்குச் சிரட்டைதான். பேணியை நினைத்து ஏங்கும்போது அந்தச் சிரட்டையும் கூடவே வந்து நிற்கிறது.

களவுபோன கதையை நாங்கள் தொடங்கினால் இலேசில் முடிக்கமாட்டோம். நாங்கள் வெளியேறியதற்கு ஐந்து வருடம் முந்தி, 1990 இல், அதே ஒக்டோபர் 30 ஆம் திகதிதான் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தைப் புலிகள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். சோனகதெருவிலிருந்து நடந்தவர்களிடம் காசையும் நகையையும் வழியில் மறித்து வாங்கினார்கள். காதுத்தோடுகூட மிஞ்சவில்லை. அவர்களுடைய பாத்திரத்தை வாங்கி எங்கள் கிணற்றுக்குள் இறக்கிவைப்போம் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

மருமகன் தன் சேகரிப்பில் ஆக விசேஷமானதை ஃபோனில் காட்டினான். வெள்ளைப் பட்டுத்துணி, நடுவில் சிவப்புச் சூரியன், அதைச் சுற்றிக் கதிர் கதிராக மை எழுத்து. போர்முனைக்குப் போகும் ஜப்பானியச் சிப்பாய்க்கு உறவினரும் அயலாரும் எழுதிக் கொடுத்துவிடும் கொடி. இறந்தவனின் உடலிலிருந்து அமெரிக்கச் சிப்பாய்கள் ஞாபகார்த்தமாக இப்படி எத்தனையோ கொடிகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இவன் ஏலத்தில் எடுத்திருக்கிறான்.

"ஒறிஜினல், மாமி."

"சுத்திவர எழுதியிருக்கிறது என்ன?"

"பேர்கள்."

அமெரிக்காவின் ஒரிகனில் 'ஒபோன் சொசைட்டி' என்றொரு அமைப்பு இந்தப் பெயர்களை வாசித்து, ஊர் கண்டுபிடித்து, கொடியை ஜப்பானில் அந்தந்த வீட்டுக்கே சேர்ப்பிப்பதை எங்கோ படித்திருந்தேன். எலும்புகூட வந்துசேராத வீடுகளுக்கு அந்தத் துணிதான் ஆள். சொன்னேன். தனக்கும் தெரியும் என்றான். பிறகு தேர் எத்தனையாம் நாள் என்று கேட்டான்.

திருவிழா நடந்துகொண்டிருக்கும்போதே, ஓகஸ்ட் 5 ஆம் திகதி, செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் மனிதப் புதைகுழியிலிருந்து எடுத்த பொருட்களை நீதிமன்ற உத்தரவின்படி சனத்துக்குக் காட்டினார்கள். அடையாளம் தெரிந்தவர்கள் சொல்லட்டும் என்று. என்னோடு அவனும் வந்தான். உடுப்பு, வளையல், செருப்பு, பால்போத்தல், ஒரு பிள்ளையின் புத்தகப்பை. பார்த்துக்கொண்டு மெல்ல நகர்ந்தவர்களில் பலர் அந்தப் பொருள்களிடம்தான் ஏதோ கேட்டுக்கொண்டு போனமாதிரி இருந்தது. 1995 இல் நாங்கள் நடந்த அதே பாதையால் திரும்பினோம். வீடு வரும்வரை அவன் வாய் திறக்கவில்லை.

அன்று பின்னேரம் அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பித்தளைத் தாம்பாளத்தை இறக்கிக் கொடுத்தேன். இது எங்களுடையதல்ல. 96 இல் திரும்பி வந்தபோது விறாந்தையில் கிடந்தது. எந்த வீட்டிலிருந்து யார் தூக்கிவந்து, பாரம் என்று இங்கே போட்டுவிட்டுப் போனார்களோ. இரண்டு மூன்று தெருவில் விசாரித்தோம், பிறகு விட்டுவிட்டோம். அம்மம்மா அதில் ஒருநாளும் வெற்றிலை வைக்க விட்டதில்லை. அவர் போனபிறகு, விளக்கீட்டுக்கு விளக்கீடு பழப்புளி போட்டுத் தேய்த்து மினுக்கி மேலே வைப்பது என் வேலை.

அவன் தாம்பாளத்தைப் புரட்டி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். விளிம்புக்குக் கீழே புள்ளி எழுத்து. கொடியைக் காட்டியபோது செய்த மாதிரியே ஃபோனில் படம் எடுத்து இரண்டு விரலால் பெருப்பித்தான். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ்.

"மாமி, இது 'வே'யோ, 'வோ'வோ?"

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். கால் இருந்திருக்கவேண்டிய இடம் வழவழப்பாக இருந்தது. இத்தனை வருடமாகப் புளி போட்டுத் தேய்த்தது நான்தான்.