மட்டக்களப்போடு நின்ற தண்டவாளம்

2020 செப்டெம்பரிலே கொழும்பு இலகு புகையிரதத் திட்டம் கைவிடப்பட்டது. கோட்டையிலிருந்து மாலபே வரை ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தூரம், வீதிகளுக்கு மேலாகத் தூண்களிற் செல்லவிருந்த அப்பாதைக்கான கடனுடன்படிக்கை 2019 மார்ச்சில் யப்பானுடன் கைச்சாத்திடப்பட்டிருந்தது. ஒன்றரை ஆண்டிலே அது செல்லாக்காசாயிற்று. 2022 இல் யப்பான் சென்ற ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அதற்காக வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

அவ்விழப்புக்காகக் கொழும்பு அழுவதில் நியாயமுண்டு. வியப்புக்குரியது, அம்பாறைக் கரையோரத்துக் கற்றோரும் அதே ஒப்பாரியிற் கலந்துகொண்டமையே. மாலபேக்கு வராதுபோன வண்டிக்காக இரங்கியோர், கல்முனைக்கு ஒருபோதும் வராத வண்டியைப் பற்றி வாய் திறந்தாரல்லர்.

இந்நாட்டின் இருப்புப்பாதை மக்களின் போக்குவரத்துக்கென்று பிறந்ததன்று. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கும் பொருட்டே அது இடப்பட்டது. 1864 இல் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடத் தொடங்கிய வண்டி 1867 இல் கண்டியை அடைந்தது. நெல்லையும் மீனையும் மருதமுனைக் கைத்தறித் துணியையும் தந்த கிழக்குக் கரையைப் பற்றி ஆட்சியாளருக்கு அவசரமெதுவும் இருக்கவில்லை. 1928 இலேதான் மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது. வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. பிரித்தானியர் நிறுத்திய இடத்தைச் சுதந்திர இலங்கையின் அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக எல்லைக்கல்லென மதித்து வந்துள்ளன. தெற்கிலோ, 1895 இல் மாத்தறையை அடைந்து முடிந்த பாதை 2019 ஏப்பிரலில் பெலியத்தை வரை நீட்டப்பட்டது. பழைய பாதையை நீட்ட முடியாதென்பதில்லை; யாருக்காக நீட்டுவது என்பதே வினா.

சனத்தொகை போதாது என்பது வழமையான மறுமொழி. இம்மறுமொழியைக் கூறுவோர் இக்கரையோரத்தை வரைபடத்திலேனும் கண்டவரல்லர். கிழக்கே கடல்; மேற்கே வாவியும் வயலும்; இடையிலே ஒடுங்கிய மணற்றரை. அத்தரையிலே களுவாஞ்சிகுடி, கல்லாறு, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் ஒரே நூலிற் கோத்தாற்போல அமைந்துள்ளன. பல இடங்களில் ஊருக்கும் ஊருக்கும் இடையே வெளியில்லை. பெயர்ப்பலகையைக் கொண்டே எல்லையை அறிய வேண்டியுள்ளது. கொழும்பு நாற்றிசையும் பரந்த நகரம். அங்கே ஒரு பாதையை இட்டால் அதன் இருமருங்கிலும் உள்ளோரே பயனடைவர். ஏனையோர்க்கு வேறு பாதைகள் வேண்டும். இங்கோ ஒரே பாதை ஏறத்தாழ எல்லார் வாயிலையும் தொட்டுச் செல்லும். நகரமே தண்டவாள வடிவில் அமைந்திருக்கிறது, தண்டவாளந்தான் இல்லை.

பெல்ஜியம் நாட்டிலே இதனையொத்த கரையோரமொன்று உண்டு. அங்கே 1885 இல் ஒஸ்டெண்டுக்கும் நியூபோர்ட்டுக்கும் இடையே தொடங்கப்பட்ட சிறு பாதை, நாளடைவில் மின்சார டிராம் பாதையாகி, அந்நாட்டின் கடற்கரை முழுவதையும் ஏறத்தாழ 67 கிலோமீற்றர் நீளத்துக்கு இணைத்து நிற்கிறது. மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுக்குள்ள தூரமும் ஏறக்குறைய அதுவே. அப்பாதையின் நடுநாயகமாகிய ஒஸ்டெண்டின் குடித்தொகை கல்முனை மாநகரின் குடித்தொகையிலுங் குறைவு. கோடையில் அங்கு குவியும் உல்லாசப் பயணிகள் இங்கில்லை என்பது உண்மை. ஆனால் அங்கில்லாத ஒன்று இங்குண்டு: ஒலுவிலிலுள்ள பல்கலைக்கழகத்துக்கும் கல்முனை வைத்தியசாலைகளுக்கும் பாடசாலைகளுக்கும் சந்தைக்கும் ஆண்டு முழுவதும் ஒரே நெடுஞ்சாலையில் பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிச் செல்லும் சனம். தரையிலோடும் டிராம் வண்டிக்குக் கொழும்பிற் போலத் தூண்கள் வேண்டியதில்லை என்பதையுஞ் செலவுக் கணக்குப் பார்ப்போர் கருத்திற் கொள்வாராக.

பாதை எங்கே செல்வது என்பதுதான் உண்மையில் இடர்மிக்க பகுதி. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நிலமுண்டு, சனம் ஐதாகவுள்ளது. எழுவான்கரையில் சனமுண்டு, நிலமில்லை. கடலோரமாகச் செல்லலாமென்போர் 2004 டிசெம்பர் 26 ஐ மறந்தவர்கள். அன்று பெரலியவில் கடல் கவிழ்த்த சமுத்திரதேவி வண்டியில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்; நாட்டிலேயே மிகுதியான உயிர்களை அன்று பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. நெடுஞ்சாலையின் நடுவே இடுவதெனிற் கல்முனைக் கடைத்தெருவின் அகலம் இடந்தராது. எஞ்சுவது ஊர்களின் மேற்குப்புறம், வயலின் விளிம்பு. அங்கேயும் மண்ணைக் கொட்டி அணைபோல் உயர்த்திவிட்டால் மாரிவெள்ளம் வடிய வழியின்றி வயலும் ஊரும் ஒருங்கே மூழ்கும். 2024 நவம்பரிலே காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியை மேவிப் பாய்ந்த வெள்ளம் உழவு இயந்திரமொன்றைப் புரட்டி மதரசா மாணவரைக் காவு கொண்டமை, அந்நிலத்தில் நீர் எவ்வாறு நடக்கும் என்பதற்குப் போதிய சான்று. எனவே மதகுகளும் சிறு பாலங்களும் நிறைந்த பாதையே அங்கே தகும். செலவு கூடும், ஆயினும் அச்செலவில் ஒரு பகுதி வெள்ள வடிகாலுக்கும் உரியதே.

இவையெல்லாம் பொறியியலாளர் தீர்க்கக்கூடியவை. தீராதது வேறு. இக்கரையோரத்து அரசியல் கடந்த பல ஆண்டுகளாக எல்லைகளிலேயே உயிர் வாழ்கிறது. கல்முனையின் பிரதேச செயலகம் எத்தனையாகப் பிரிய வேண்டும், சாய்ந்தமருதுக்குத் தனிச்சபை உண்டா இல்லையா என்பவற்றுக்கு ஊர்வலம், கடையடைப்பு, உண்ணாவிரதம் யாவும் நடந்தேறின. அக்கோரிக்கைகளுக்கு அவரவர் நியாயம் உண்டு. ஆனால் தமிழூரும் முஸ்லிமூரும் மாறிமாறி அமைந்த இந்நிலத்தில் எல்லாவூரும் ஒருங்கே கேட்கக்கூடிய ஒரு பொருளை எந்த மேடையும் கேட்கவில்லை. கேட்டால் ஒருவருக்கு மட்டும் வாக்குச் சேராதல்லவா! காரைதீவான் நிந்தவூரைக் கடந்தே ஒலுவிலுக்குச் செல்ல வேண்டும். மருதமுனையான் பாண்டிருப்பைக் கடந்தே கல்முனைக்கு வரவேண்டும். தண்டவாளம் ஓரூரிற் தொடங்கி அவ்வூரிலேயே முடிவதில்லை. கல்வெட்டுத் திறக்கும் அரசியலுக்கு அது உவப்பானதன்று.

ஒலுவிற் துறைமுகம் அவ்வரசியலுக்கு உவப்பாயிருந்தது. 2013 இல் அது திறந்துவைக்கப்பட்டது. அதன் வாயிலை மணல் மூடியது. வடக்கே கரையைக் கடல் அரித்தது. தென்னந்தோப்புகளும் வாடிகளும் கடலுட் போயின. வர்த்தகக் கப்பல்கள் நாடாத அத்துறைமுகத்துக்குத் தாராளமாகக் கிடைத்த கடன், நாள்தோறும் நெரிசலில் நிற்கும் மாந்தரை ஏற்றிச்செல்லும் பாதைக்கு மாத்திரம் எங்கிருந்து வருமென்று கேட்கப்படுகிறது.

கடன் பின்னர் வரலாம். நிலம் பின்னர் வாராது. நிந்தவூரிலும் சாய்ந்தமருதிலும் வயலோரம் ஆண்டுதோறும் மண்நிரப்பப்பட்டு வீடாகிக்கொண்டிருக்கிறது. பெரியகல்லாறு முதல் அக்கரைப்பற்று வரை அவ்விளிம்பிலே ஒரு பாதைக்குரிய அகலத்தை அளந்து, அதிற் கட்டடம் எழுப்புதலைத் தடுத்து ஒதுக்கி வைத்தற்கு யப்பானியக் கடன் வேண்டியதில்லை. மாநகர சபையும் பிரதேச சபைகளும் ஒரே மேசையில் ஒரு நாள் அமர்ந்தாற் போதும்.