ஏப்ரல் ரசீதும் ஆகஸ்ட் கலந்தாய்வும்

மதிப்பிற்குரிய உயர்கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

திட்டக்குடி வட்டாரத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஏப்ரல் பிறந்தால் இன்றும் என் வீட்டுத் திண்ணையில் ஆள் இல்லாத நாள் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த பிள்ளைகளும் பெற்றோரும் வந்தபடி இருப்பார்கள்.

2024 ஏப்ரலில் ஓர் அம்மா தன் மகளோடு வந்தார். வெள்ளாற்றுக்கு அக்கரையில் ஊர். ஒன்றரை ஏக்கரில் மக்காச்சோளம். "சார், பாப்பாவுக்கு சீட் போட்டாச்சு" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மஞ்சள் பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்துக் கொடுத்தார். சென்னைப் பக்கத்துத் தனியார் நிறுவனம் ஒன்று, 40,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்த ரசீது. தோட்டையும் சங்கிலியையும் கூட்டுறவு வங்கியில் வைத்து நகைக்கடன் வாங்கிக் கட்டியிருக்கிறார்கள். ரசீதின் அடியில், கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துத்தான் படிக்க முடிந்த எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி: கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது. அந்த அம்மாவுக்கு அதைப் படித்துச் சொன்னவர் யாரும் இல்லை. நான்தான் சொன்னேன். முகம் சட்டென்று மாறியதை இன்னும் மறக்க முடியவில்லை.

தனியார் பல்கலைக்கழகங்களிலும், சுயநிதிக் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டிலும் இடங்களை எப்படி நிரப்புகிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. எல்லா விண்ணப்பமும் வந்து சேரட்டும், பிறகு வரிசைப்படுத்துவோம் என்று காத்திருப்பதில்லை. யார் முதலில் வருகிறாரோ அவருக்கு இடம். தேர்வு முடிவு வரும் முன்னரே, சில இடங்களில் பொங்கலுக்கு முன்பே, தொலைபேசி அழைப்பு தொடங்கிவிடுகிறது. "கம்ப்யூட்டர் சயின்ஸ்ல இன்னும் கொஞ்சம் சீட்தான் இருக்கு, இந்த வாரத்துக்குள்ள அட்வான்ஸ் கட்டிடுங்க." கட்டினால் இடம் உறுதி, காத்திருந்தால் போய்விடும் என்ற பயம்தான் பணத்தை வாங்கிக் கொடுக்கிறது.

வந்த வரிசையிலேயே இடம் கொடுக்கும் இந்த முறையையே நான் குற்றம் சொல்லவில்லை. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிகளிலும் சட்டக் கல்லூரிகளிலும் மாதக்கணக்கில் இப்படித்தான் இடம் கொடுக்கிறார்கள். முன்கூட்டியே விண்ணப்பித்தவருக்கு அங்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் தன் உறுப்புக் கல்லூரிகளுக்கு ஒரு நெறிமுறை வகுத்திருக்கிறது. இடம் கிடைத்தவரிடம் வாங்கும் முன்பணம் 100 டாலரைத் தாண்டக் கூடாது; ஏப்ரல் 30 வரை கேட்டால் திருப்பித் தர வேண்டும்; அதுவரை ஒரு மாணவர் பல கல்லூரிகளின் இடத்தைக் கையில் வைத்திருக்கலாம். எல்லா முடிவும் தெரிந்த பிறகு நிதானமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவகாசம் கிடைக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இல்லாதது அந்த அவகாசம்தான்.

2024ஆம் ஆண்டின் தேதிகளையே பாருங்கள். மே 6 அன்று பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தது. பொறியியல் தரவரிசைப் பட்டியல் ஜூலை 10 அன்று வெளியானது. கலந்தாய்வு ஜூலை 22இல்தான் தொடங்கியது. தனியாரிடம் பணம் கட்டிய நாளிலிருந்து கலந்தாய்வில் கல்லூரி தெரியும் நாள் வரை கணக்கிட்டால் மூன்று, நான்கு மாதம். வட்டிக்கு வாங்கிக் கட்டியவருக்கு அது எவ்வளவு நீளமான காலம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பெண் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் வருபவள். 2021இல் பொறியியலுக்கும் இந்த ஒதுக்கீடு வந்தது. அதில் சேர்பவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவித்தது அரசு. ஆனால் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் அது கிடைக்கும். நேரே போய்ச் சேர்ந்தால் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. அந்த வீட்டில் இது யாருக்கும் தெரியவில்லை. நான் வற்புறுத்தி விண்ணப்பிக்க வைத்தேன். ஆகஸ்டில் பண்ருட்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்தது.

பிறகுதான் பாடு. மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் தனியார் அலுவலகத்தில். தொழுதூர் போய் நெடுஞ்சாலையில் நின்று சென்னைப் பேருந்து பிடித்து, அப்பாவும் மகளும் மூன்று முறை போனார்கள். முதல் முறை அதிகாரி இல்லை. இரண்டாம் முறை விண்ணப்பப் படிவம் கொடுத்தார்கள். மூன்றாம் முறை சான்றிதழ் கையில் வந்தது. பணத்துக்கு நான் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினேன். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையின் நகலை இணைத்தேன். அசல் சான்றிதழை எந்த நிறுவனமும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. 2024-25ஆம் கல்வியாண்டுக்கு அக்குழு இன்னும் ஒரு படி மேலே போய், செப்டம்பர் 30 வரை விலகினால் முழுக் கட்டணத்தையும், அக்டோபர் 31 வரை விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமலும் திருப்பித் தர வேண்டும் என்றது. பணம் வந்தது, மார்கழியில். நகைக்கடனுக்கு வட்டி கட்டியது அவர்கள்தான்.

அவளாவது தப்பினாள். அதே ஆண்டு, பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் கலந்தாய்வுக்கே விண்ணப்பிக்கவில்லை. அவனும் அரசுப் பள்ளிதான். கட்-ஆஃப் அவளைவிட அதிகம். "கட்டின பணம் போயிடுமே சார்" என்றார் அவன் அப்பா. தனியாரிடம் கட்டியிருந்த முப்பதாயிரத்தைக் காப்பாற்றப் போய், அரசு செலவில் கிடைத்திருக்க வேண்டிய நான்கு ஆண்டுப் படிப்பைக் கைவிட்டார்கள். இன்று வங்கியில் கல்விக்கடன். அவர்கள் வீட்டைக் கடக்கும்போதெல்லாம், ஒரு மாதம் முன்னால் என்னிடம் வந்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்கிறது.

விதி இருக்கிறது ஐயா. விதி இருப்பது பணம் கட்டுகிறவருக்குத் தெரியவில்லை. தங்களிடம் நான் கேட்பது பெரிய சட்டத் திருத்தம் எதுவும் இல்லை.

தமிழ்நாட்டில் முன்பணம் வாங்கும் எந்தத் தொழிற்கல்வி நிறுவனமும், எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதை ரசீதிலேயே தமிழில், படிக்கும் அளவு எழுத்தில் அச்சிட வேண்டும் என்று உத்தரவிடுங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் அதிகாரத்துக்கு வெளியே என்றால், மானியக் குழுவுக்குத் துறையே எழுதலாம். பணமோ சான்றிதழோ திரும்பாதவர் தில்லியில் உள்ள அந்தக் குழுவுக்கு எழுதத் தெரியாமல் உட்கார்ந்திருக்கக் கூடாது. பொறியியல் சேர்க்கை உதவி மையங்களில் ஒருவரை, ஒரே ஒருவரை, இந்தப் புகார்களை வாங்குவதற்கென்று உட்கார வையுங்கள். கலந்தாய்வில் முதலில் கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கும் வசதியைத் துறையே வைத்திருக்கிறது. இடத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு வாய்ப்பையும் இழக்காமல் இருக்க வழி செய்ய முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

இன்னொன்று, எல்லாவற்றிலும் அவசரமானது. 7.5 ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணம் இல்லை, தனியாரிடம் நேரே சேர்ந்தால் அது கிடையாது, கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டு அரசுப் பள்ளிகளுக்கு அனுப்புங்கள். கோடையில் அனுப்பினால் பயனில்லை, அதற்குள் பலர் பணம் கட்டியிருப்பார்கள். செய்முறைத் தேர்வு நடக்கும் நாளில் ஒவ்வொரு பிள்ளையும் பள்ளிக்கு வந்துதான் ஆக வேண்டும். அன்றைக்கு அந்தத் தாள் அவர்கள் கையில் இருக்கட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர்,
திட்டக்குடி, கடலூர் மாவட்டம்