ஆறுமுகனுக்கு ஆறு தாதிகள்! கூலிக்காரி பிள்ளைக்கு?

பழனியாண்டவன் கதையை அறியாதவர் நமது நாட்டில் இல்லை. சரவணப் பொய்கையில் தோன்றிய பிள்ளைக்குக் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் பாலூட்டி வளர்த்தார்கள் என்று புராணம் சொல்லுகிறது. அது நடந்ததா, நடக்கக்கூடியதா என்கிற ஆராய்ச்சி இன்று நமக்கு வேண்டாம். ஒன்றை மாத்திரம் கவனித்தால் போதும். சர்வ வல்லமையுள்ள கடவுளின் பிள்ளைக்கே பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அதுவும் ஆறு ஆள் வேண்டும் என்று புராணம் எழுதியவனே ஒப்புக்கொண்டிருக்கிறான். அந்தப் பழனியை அடுத்த மலைகளிலே கூலி வேலை செய்து பிழைக்கும் பெண்ணின் பிள்ளைக்கு ஓர் ஆயாவாவது உண்டா என்று கேட்கிறோம்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர், பன்றிமலைப் பக்கங்களில் காப்பியும் மிளகும் மலைவாழையும் விளைகின்றன. மேலே மன்னவனூர், பூம்பாறைப் பக்கங்களில் உருளைக்கிழங்கும் பூண்டும் காரட்டும் விளைகின்றன. கொடைக்கானல் பட்டணத்திலோ விடுதி வேலை. இவற்றில் பெண்களின் கை படாத வேலை எது? காப்பிப் பழம் எடுக்கும் காலமோ மார்கழி, தை மாதக் குளிர். கைக்குழந்தைக்காரி என்ன செய்வாள்? நிழல் மரக் கிளையில் சேலையைக் கட்டித் தூளியில் பிள்ளையைப் போட்டுவிட்டுப் பழம் எடுக்க வேண்டும். அல்லது எட்டு வயது மூத்த பெண்ணைப் பள்ளியை விட்டு நிறுத்தித் தம்பியைச் சுமக்கச் செய்ய வேண்டும். அல்லது வேலைக்கே போகாமல் அரை வயிற்றோடு கிடக்க வேண்டும். முதலாவதில் குளிரும் அட்டையும் காட்டு மாடும். இரண்டாவதில் ஒரு பெண்ணின் படிப்புப் பாழ். மூன்றாவதில் குடும்பமே பட்டினி. இம்மூன்றுக்கும் சேர்த்து நம்மவர்கள் வைத்திருக்கும் பெயர் தலையெழுத்து! பிள்ளைக்குத் தாயத்துக் கட்டுவோம், மை வைப்போம். பிழைத்தால் ஆண்டவன் கிருபை, போனால் விதி.

ஆனால் வசதியுள்ளவர்கள் விஷயத்தில் இந்தத் தலையெழுத்துச் செல்லுபடியாவதில்லை. இதே கொடைக்கானலில் 1901ஆம் வருஷம் அமெரிக்கப் பாதிரிமார்கள் தங்கள் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி ஏற்படுத்தினார்கள். தாய் தகப்பன் ஊழியம் செய்ய வேண்டுமானால் பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. அதை நாம் தப்பென்று சொல்லவில்லை. அந்த நியாயம் கூலிக்காரிக்கும் உண்டா இல்லையா என்பதே நமது கேள்வி.

சட்டம் இல்லையா என்று சிலர் கேட்கலாம். இருந்தது, இருக்கிறது. 1951ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், 1981ல் திருத்தப்பட்டபின், ஒரு தோட்டத்தில் ஐம்பது பெண்களாவது அல்லது அவர்களுடைய பிள்ளைகள் இருபது பேராவது இருந்தால் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டுமென்றது. பார்லிமெண்டு 2020ல் செய்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் ஐம்பது பேருக்கு மேல் என்கிற கணக்கே நிற்கிறது. நமது மலையில் இருப்பதோ பெரும்பாலும் சிறு தோட்டங்கள். இன்று ஒருவர் தோட்டத்தில், நாளை வேறொருவர் காட்டில் வேலை செய்கிறவளை யார் கணக்கில் சேர்ப்பது? அன்றியும், பெண்ணின் தலையை எண்ணிப் பாரம் சுமத்தினால் முதலாளி நாற்பத்தொன்பதோடு நிறுத்திக்கொள்ள மாட்டானா?

அங்கன்வாடி இருக்கிறதே என்பார்கள். 1975ல் தொடங்கிய அத்திட்டத்தால் விளைந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் நமது மாகாணத்தில் இரண்டு வயது ஆன பிள்ளையைத்தான் அங்கே பகலில் வைத்துக்கொள்ளுகிறார்கள். ஆறு மாதப் பிள்ளைக்காரி எங்கே போவாள்? பணம் வாங்கிக்கொண்டு பிள்ளை பார்க்கும் இடங்கள் பட்டணத்தில் இருக்கலாம். அன்றாடக் கூலியில் அதற்குக் கொடுத்தபின் அவள் வீட்டில் அடுப்பெரியுமா?

"பெற்றவள்தானே பார்க்க வேண்டும், வீட்டில் பாட்டி இல்லையா?" என்கிற வைதிகர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பாட்டியும் கூலிக்குத்தான் போகிறாள். பிள்ளை ஒருத்தி தனியாகப் பெற்றதுமல்ல. அவள் எடுத்த பழத்தைக் காப்பியாகக் குடிக்கிறவர்களும், அவள் கூட்டிய அறையில் தூங்குகிறவர்களும் அவள் பிள்ளையைப் பற்றிக் கேட்காதிருப்பது எந்த ஊர் யோக்கியதை?

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். பஞ்சாயத்துக்கு ஒரு காப்பகம் வேண்டும். ஆறு மாதப் பிள்ளை முதல் சேர்க்க வேண்டும். வேலைக்குப் போகும் நேரத்திற்கு முன் திறந்து, வேலை விட்டு வந்தபின் மூட வேண்டும். ஆயாவுக்கு நியாயமான சம்பளம் வேண்டும். செலவைப் பெண்களை எண்ணி வசூலிக்காமல், தோட்டத்துக்கு ஏக்கர் கணக்கிலும் விடுதிக்கு அறைக் கணக்கிலும் சிறு வரியாகப் போட்டால் பெண்ணை வேலையிலிருந்து தள்ள யாருக்கும் காரணம் இராது. இது ஆகாத காரியமல்ல. பக்கத்துக் கர்நாடகத்தில் 2023ல் 'கூசின மனை', அதாவது குழந்தை வீடு, என்ற பெயரில் கிராமப் பஞ்சாயத்துகளில் காப்பகங்கள் வைக்க ஏற்பாடு செய்தார்கள். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை அங்கன்வாடியிலேயே பகல் முழுவதும் வைத்துக்கொள்ள இந்திய சர்க்கார் 2022ல் வகுத்த 'பால்னா' திட்டமும் இருக்கிறது. கேட்கிற வாய்தான் இல்லை.

மலைத் தோழர்களே! தொழிலாளர் தினமான மே 1ஆம் தேதி கிராமசபை கூடுகிறது. வேல் குத்திக் காவடி எடுக்கப் பழனிக்கு நடக்கும் கால்கள் அன்று சபை வரைக்கும் நடக்கட்டும். பெண்களை முன்னால் உட்கார வையுங்கள். 'எங்கள் ஊருக்குக் குழந்தைக் காப்பகம்' என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கார்த்திகைப் பெண்கள் ஆறு பேரும் வானத்திலிருந்து இறங்கி வரப்போவதில்லை. ஓர் ஆயாவை வரவழைப்பது நம் கையில் இருக்கிறது.